டி.ஓ.டி. எண் வாங்கியாயிற்று, வண்டியை எடுக்கலாமா?

அமெரிக்காவில் வேன், பஸ் வாடகைத் தொழில் தொடங்குபவர்களுக்குப் பதிவு வேலைகளைச் செய்து கொடுப்பது என் தொழில். வருகிறவர்களில் பலர், அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நிறுவனங்களுக்குத் தரும் அடையாள எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, "டி.ஓ.டி. எண் வந்துடுச்சு சார், அடுத்த வாரம் முதல் டிரிப்" என்பார்கள். நான் வண்டியை எடுக்காதீர்கள் என்பேன்.

அந்த எண் உங்கள் நிறுவனம் யார் என்று காட்டும், விபத்து, சோதனை போன்ற பாதுகாப்புப் பதிவுகளை அதன் பெயரில் சேர்த்து வைக்கும். காசு வாங்கிக்கொண்டு பயணிகளை மாநிலம் விட்டு மாநிலம் ஏற்றிச் செல்லும் உரிமை வேறு. அதற்கு, வணிக வண்டிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் எஃப்.எம்.சி.எஸ்.ஏ. என்ற மத்திய அமைப்பிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 300 டாலர், திரும்பக் கிடைக்காது. எம்.சி. எண் என்று எங்கள் தொழிலில் சொல்வது இதைத்தான்.

விண்ணப்பித்தாலும் உடனே ஓட்ட முடியாது. யாராவது ஆட்சேபிக்க விரும்பினால் அதற்கு 10 நாள் உண்டு. ஓடும் மாநிலங்களில் உங்கள் சார்பாக நீதிமன்ற நோட்டீஸ் வாங்கிக்கொள்ளும் முகவரை பி.ஓ.சி.-3 படிவத்தில் காட்ட வேண்டும். காப்பீட்டுச் சான்றை காப்பீட்டு நிறுவனமே நேரடியாகத் தாக்கல் செய்ய வேண்டும். பலர் திணறுவது இங்கேதான். ஓட்டுநரையும் சேர்த்து 15 இருக்கை வரை என்றால் 15 லட்சம் டாலர் காப்பீடு. ஒரு வண்டியில் 16 இருக்கை இருந்தாலும் 50 லட்சம். வண்டி வாங்கும் முன்பே காப்பீட்டு முகவரிடம் விலை கேட்டுவிடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

"நான் ஒரே மாநிலத்துக்குள்தானே ஓட்டுகிறேன்?" என்பது அடுத்த கேள்வி. விமான டிக்கெட்டோடு சேர்த்து விற்ற சுற்றுலாவில் விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு ஏற்றிச் செல்லும் பகுதி உங்களுடையது என்றால், சக்கரம் எல்லையைத் தாண்டாவிட்டாலும் அது மாநிலங்களுக்கு இடையிலான பயணமாகக் கருதப்படலாம். வண்டிக்கூலியைத் தனியாக வாங்காமல் பேக்கேஜ் விலையில் சேர்த்தாலும் அது கூலிதான்.

இத்தனை கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களிடம் டெக்சாஸ் மாநிலத்து ஷெர்மன் விபத்தைச் சொல்வேன். 2008 ஆகஸ்ட் 8, விடியாத நேரம். ஹூஸ்டனிலிருந்து மிசூரியின் கார்த்தேஜ் நகரில் நடக்கும் மாதா திருவிழாவுக்கு வியட்நாமிய கத்தோலிக்கர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். முன் சக்கர டயர் வெடித்து, பஸ் பாலத்தின் தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். வெடித்தது ரீட்ரெட் டயர், அதாவது தேய்ந்த டயர் மேல் புது ரப்பர் ஒட்டியது. பஸ்ஸின் முன் சக்கரத்தில் அதை மாட்டவே கூடாது. பஸ்ஸை ஓட்டிய இகுவாலா பஸ்மெக்ஸ் நிறுவனத்துக்கு உரிமை இல்லை, விண்ணப்பம் மட்டும் நிலுவையில் இருந்தது. அதன் உரிமையாளரின் முந்தைய நிறுவனமான ஏஞ்சல் டூர்ஸை, பாதுகாப்புக் குறைகளுக்காக அதே ஆண்டு ஜூன் மாதம்தான் அரசு நிறுத்தி வைத்திருந்தது. பெயரை மாற்றி மறுபடி ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். பஸ்ஸில் ஏறிய குடும்பங்களுக்கு இது எப்படித் தெரியும்?

இன்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. கோயில் பயணமோ கல்யாணமோ, வண்டி பேசும்போது டி.ஓ.டி. எண்ணைக் கேளுங்கள். எஃப்.எம்.சி.எஸ்.ஏ.வின் சேஃபர் தளத்தில் அதைப் போட்டால், பயணிகளை ஏற்ற உரிமை நடப்பில் இருக்கிறதா என்று இலவசமாகக் காட்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு தடவை, புறப்படும் வாரத்தில் இன்னொரு தடவை பாருங்கள். நடுவில் காப்பீடு ரத்தானால் உரிமையும் போய்விடும்.