தன்னைத் தூக்கியது போக மிச்சம் எவ்வளவு?

1944 ஏப்ரல் கடைசி வாரம். பர்மாவில் ஜப்பானியர் நடமாட்டம் நிறைந்த காட்டுப் பகுதியில் ஒரு சிறு விமானம் விழுந்துவிட்டது. உள்ளே விமானியும் காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் சிப்பாய்களும். இன்னொரு விமானம் இறங்க அங்கே இடமில்லை. அசாமின் லாலாகாட் தளத்திலிருந்து அமெரிக்க விமானி கார்ட்டர் ஹார்மன், சிகோர்ஸ்கி ஒய்ஆர்-4 என்ற ஹெலிகாப்டரை மலை தாண்டி ஓட்டிவந்தார். நான்கு பேரையும் மீட்டார். ஆனால் ஒரு நடைக்கு ஒருவர்தான். இரண்டாவது நபரை இறக்கியதுமே என்ஜின் சூடேறி மக்கர் செய்தது. மற்ற இருவர் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

போர்க்களத்தில் ஹெலிகாப்டர் செய்த முதல் மீட்பு இது. எனக்கு இதில் சுவாரசியம் வீரத்தைவிட அந்த ‘ஒரு நடைக்கு ஒருவர்’ கணக்குதான். ராணுவ ஹெலிகாப்டரின் கதை முழுவதையும் அந்தக் கணக்கைக் கொண்டே சொல்லிவிடலாம்.

சாதாரண விமானம் ஓடுபாதையில் ஓடி வேகம் பிடிக்கிறது. அந்த வேகமே இறக்கையில் மேலெழும் விசையைத் தருகிறது. ஹெலிகாப்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. நின்ற இடத்திலேயே, தலைக்கு மேல் சுழலும் விசிறியான ரோட்டர் காற்றை அள்ளிக் கீழே தள்ள வேண்டும். தள்ளப்படும் காற்றின் நிறையும் வேகமும்தான் வண்டியைத் தாங்குகின்றன. வெயிலில் காற்று விரிந்து லேசாகிறது. உயரம் ஏறினாலும் அப்படியே. ரோட்டர் அள்ளும் ஒவ்வொரு வாயிலும் காற்று குறைகிறது. என்ஜினுக்கும் மூச்சு முட்டுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் அடி. ஹார்மனின் என்ஜினுக்கு இருந்ததே சுமார் 180 குதிரைத்திறன். இன்று ஒரு பெரிய எஸ்யுவி காரில் அவ்வளவு இருக்கும். பர்மா வெக்கையில் அதில் பெரும்பகுதி ஹெலிகாப்டர் தன்னைத் தூக்கிக்கொள்வதற்கே போயிற்று.

கொரியப் போரில் பெல் எச்-13 காயம்பட்டவர்களைச் சுமந்தது. குமிழி போன்ற கண்ணாடிக் கூண்டுக்குள் படுக்க இடமில்லாததால் ஸ்ட்ரெச்சரை வெளியே, தரையில் ஊன்றும் கால்களின் மேல் பக்கத்துக்கொன்றாகக் கட்டினார்கள். அப்படி 18 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவ முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனாலும் அது ஆம்புலன்ஸ்தான். அதை வைத்துச் சண்டை போட முடியாது.

பெரிய பிஸ்டன் என்ஜின் வைத்தால் என்ன? வைத்துப் பார்த்தார்கள். சிகோர்ஸ்கி எச்-34-இன் மூக்குக்குள் 1,500 குதிரைத்திறன் என்ஜின் அடைக்கப்பட்டது. அதன் எடையே அரை டன்னுக்கு மேல். விமானி அதற்கு மேலே உட்கார, சுழல்தண்டு சாய்வாக ரோட்டருக்குப் போனது.

இந்த முடிச்சை அவிழ்த்தது டர்பைன். பிஸ்டன் என்ஜினில் எரிபொருள் விட்டுவிட்டு வெடிக்கிறது. அந்த அடியைத் தாங்கக் கனத்த உலோகம் வேண்டும். டர்பைனில் அது அடுப்புபோல இடைவிடாமல் எரிகிறது. பாயும் சூடான வாயு சக்கரங்களைச் சுழற்றுகிறது. முன்னும் பின்னும் அடிக்கும் பாகமே இல்லை. எச்-34-க்குப் பின் வந்த பெல் ஹியூவியின் டி53 டர்பைனை வடிவமைத்தவர் ஆன்செல்ம் ஃபிரான்ஸ். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் போர்விமானத்துக்கு என்ஜின் செய்தவரும் இவரே. டி53-இன் பிந்தைய வடிவம் சுமார் 250 கிலோ எடையில் 1,400 குதிரைத்திறன் தந்தது.

எடை குறைந்ததைவிட முக்கியம், அது உட்கார்ந்த இடம். கூரைமேல் ஏறிவிட்டதால் அறை முழுவதும் காலியாயிற்று. இரண்டு பக்கமும் அகலக் கதவு. சில நொடிகளில் வீரர்கள் குதித்து இறங்கலாம். 1965 நவம்பரில் வியட்நாமின் இயா டிராங் பள்ளத்தாக்கில் அமெரிக்கர்கள் ஒரு பட்டாலியனையே இப்படி நடை நடையாக இறக்கினார்கள். கூடவே துப்பாக்கியும் ராக்கெட்டும் ஏற்றிய ஹியூவிகளும் காவலுக்குப் பறந்தன. அந்த எடையும் காற்றுத் தடையும் சேர்ந்து, காவல்காரனே ஊர்வலத்துக்குப் பின்தங்கினான்! அதனால்தான் 1967-இல் கோப்ரா வந்தது: அதே என்ஜின் குடும்பம், ஆனால் ஒரு மீட்டருக்கும் குறைவான அகலத்தில் ஒருவர் பின் ஒருவர் உட்காரும் ஒல்லி உடல். வியட்நாமுக்குப் போன ஏறத்தாழ 12 ஆயிரம் ஹெலிகாப்டர்களில் 5 ஆயிரம் அழிந்தன என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பிஸ்டன் என்ஜின் அதோடு ஒழிந்துவிடவில்லை. 1971 டிசம்பரில் வங்கதேசப் போரின்போது மேக்னா ஆற்றின் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்தபோது, ஜெனரல் சகத் சிங்கின் இந்தியப் படையை ஆற்றைத் தாண்டி இறக்கியவை பழைய பிஸ்டன் எம்ஐ-4 ஹெலிகாப்டர்கள்தான். இரவில் கை டார்ச் வெளிச்சத்திலும் இறங்கின. குளிர்காலம், தாழ்ந்த சமவெளி, குறைந்த தூரம். காற்றுக் கணக்கு அவற்றின் பக்கம் இருந்தது.

சியாச்சினில் அது எப்போதும் எதிர்ப்பக்கம். 6,000 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டித்தான். அங்கே பறக்கும் சீட்டா ஹெலிகாப்டர், பிரெஞ்சு லாமா ஹெலிகாப்டருக்கு உரிமம் பெற்று பெங்களூரு எச்ஏஎல் நிறுவனம் தயாரித்தது. இதில் ஒரு தந்திரம் உண்டு. 870 குதிரைத்திறன் தரக்கூடிய என்ஜினை வைத்து, 550-க்கு மேல் எடுக்காதபடி கட்டுப்படுத்தினார்கள். மேலே போகப் போக என்ஜின் பலம் இழந்தாலும் அந்த 550 வெகு உயரம் வரை குறையாது. 1972-இல் லாமா 12,442 மீட்டர் ஏறிச் சாதனை படைத்தது. உச்சியில் என்ஜின் அணைந்துவிட, கீழிருந்து மோதும் காற்றே ரோட்டரைச் சுழற்ற, விமானி ஜான் பூலே அத்தனை உயரத்திலிருந்தும் பத்திரமாக இறங்கினார்.

டர்பைனுக்கு ஒரு வினையும் உண்டு. அதன் புகைபோக்கி கக்கும் சூடு, தோளிலிருந்து ஏவும் ஸ்டிங்கர் போன்ற ஏவுகணைக்கு வழிகாட்டி. 1986 முதல் ஆப்கானிஸ்தானில் சோவியத் ஹெலிகாப்டர்கள் இதை அனுபவித்தன. சூட்டோடு குளிர்காற்றைக் கலக்கும் உறை, ஏமாற்றும் தீப்பொறிகள், தரையை ஒட்டிப் பறத்தல் என்று சமாளித்தார்கள். உறையும் எடைதான், மிச்சத்திலிருந்து கழியும். 1999 மே 28 அன்று கார்கில் மலையில் இந்திய எம்ஐ-17 ஒன்று ஏவுகணைக்கு இரையாகி நால்வர் இறந்தனர். அந்த உயரத்தில் சண்டையிடவென்றே உருவாக்கப்பட்ட ஹெலிகாப்டர் இந்தியாவிடம் அப்போது இல்லை.

அதற்காக உருவானதுதான் எச்ஏஎல்-இன் பிரசண்ட். ‘சக்தி’ என்ற பெயருள்ள இரண்டு டர்பைன்கள், கோப்ராபோல முன்னும் பின்னுமான இருக்கை. 2022 அக்டோபரில் விமானப்படையில் சேர்ந்தது. அதற்கு முன்பே சோதனையின்போது சியாச்சினில் 4,700 மீட்டர் உயரத் தளத்தில் இறங்கிக் காட்டியது. அப்போது அது சுமந்திருந்த பாரம் 500 கிலோ.