இன்டர்ன்ஷிப் சான்றிதழுக்குப் பணம் கட்டுவதை நிறுத்துங்கள்

பிளேஸ்மென்ட் சீசன் தொடங்கிவிட்டது. அச்சில் வார்த்தது போன்ற ரெஸ்யூமேக்கள் இந்த ஆண்டும் குவிகின்றன. சி.எஸ்.இ. (கணினி அறிவியல்) இறுதியாண்டு, நான்கைந்து இன்டர்ன்ஷிப், பத்துப் பதினைந்து சான்றிதழ். "வெப் டெவலப்மென்ட் இன்டர்ன், நான்கு வாரம்" என்ற வரியைக் காட்டி, என்ன செய்தீர்கள் என்று நேர்காணலில் நாங்கள் கேட்டால் நீண்ட மௌனம். பிறகு, "கால்குலேட்டர் பண்ணினேன் சார், டு-டூ லிஸ்ட் பண்ணினேன்." நீங்கள் எழுதிய புரோகிராமை யார் பார்த்தார்கள், எதைத் திருத்தச் சொன்னார்கள் என்று கேட்டால், யாரும் பார்க்கவில்லை. சான்றிதழுக்கு மட்டும் சில நூறு ரூபாய் கட்டியிருக்கிறார்கள். இதையே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இந்த வியாபாரம் நடக்கும் விதம் உங்களுக்கே தெரியும். லிங்க்ட்இன்னில் ஒரு போஸ்டர், ஒரு கூகுள் ஃபார்ம். நேர்காணல் கிடையாது, ஒரு கேள்விகூடக் கிடையாது, மறுநாளே ஆஃபர் லெட்டர். அதை ஹேஷ்டேக்கோடு லிங்க்ட்இன்னில் போட வேண்டும் என்பது முதல் 'டாஸ்க்'. அதைப் பார்த்து உங்கள் வகுப்பில் இன்னும் பத்துப் பேர் சேருவார்கள். கடைசி வாரத்தில் 'சான்றிதழ் சரிபார்ப்புக் கட்டணம்' என்று ஒரு க்யூஆர் கோட் வரும். டேட்டா சயின்ஸ் என்றால், கற்கத் தொடங்குகிற எல்லோரும் எடுக்கும் டைட்டானிக் டேட்டாசெட், இல்லாவிட்டால் ஐரிஸ் பூ. இந்த இரண்டையும் ரெஸ்யூமேயில் பார்த்தவுடனே நேர்காணல் செய்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். அவை பயிற்சிக்கு நல்ல டேட்டாசெட்கள்தான், குறை அவற்றில் இல்லை. ஆனால் அவற்றை ஒரு நிறுவனத்தில் பார்த்த வேலை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

"ஆனால் சார், அது அரசு அங்கீகாரம் பெற்ற கம்பெனி" என்று உடனே பதில் வரும். போஸ்டரின் அடியில் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) லோகோ, ஐ.எஸ்.ஓ. தர முத்திரை, ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) லோகோ வரிசையாக இருக்கும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எம்.எஸ்.எம்.இ. என்று காட்டுவது உத்யம் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் கொடுத்து, சுய உறுதிமொழியின் பேரில், இலவசமாக ஆன்லைனில் எடுப்பது. பெட்டிக்கடைக்கும் எடுக்கலாம். அந்த நிறுவனத்தில் பயிற்சி தர ஆள் இருக்கிறதா என்று அரசு வந்து பார்த்ததற்கு அது சான்று அல்ல. லோகோவை யாரும் நகலெடுத்து ஒட்டலாம்.

கம்பெனிகள் சட்டப்படி பதிவாகியிருந்தால் அவற்றுக்கு சி.ஐ.என். என்று 21 இடங்கள் கொண்ட ஓர் எண் இருக்கும். முதலில் ஓர் எழுத்து, பிறகு ஐந்து இலக்கங்கள், மாநிலத்துக்கு இரண்டு எழுத்துகள், அடுத்த நான்கு இலக்கங்கள் பதிவான ஆண்டு. 'பத்தாண்டு அனுபவம்' என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்தின் எண்ணில் 2023 என்று இருந்தால் வேறு விசாரணையே தேவையில்லை. மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் (எம்.சி.ஏ.) இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அங்கே பெயர் இருப்பதால் மட்டும் யோக்கியமான நிறுவனம் என்றாகாது. இல்லாவிட்டால் கண்டிப்பாக விலகுங்கள்.

இதையெல்லாம்விட எரிச்சலூட்டும் நம்பிக்கை ஒன்று இருக்கிறது. சான்றிதழ் எத்தனையோ அத்தனை வாய்ப்பு என்பது. மாணவர்கள் நம்புகிறார்கள், பெற்றோர் நம்புகிறார்கள், சில கல்லூரிகள்கூட எண்ணிக்கை கேட்டு மதிப்பெண் போடுகின்றன. இது தவறு. ஏன் தவறு என்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சான்றிதழில் மூன்று வகை. கலந்துகொண்டதற்குத் தருவது ஒன்று. வெபினாரில் ஒரு மணி நேரம் லாகின் செய்திருந்தால் போதும், தூங்கியிருந்தாலும் கிடைக்கும். முடித்ததற்குத் தருவது இரண்டாவது. வீடியோவை 2எக்ஸ் வேகத்தில் ஓடவிட்டு, குவிஸை நான்கு முறை முயன்று வாங்கிவிடலாம். மூன்றாவதுதான் நேரில் போய், மேற்பார்வையாளர் முன்னால் உட்கார்ந்து தேர்வு எழுதி வாங்குவது. முதல் இரண்டு வகைக்கும் நேர்காணலில் மதிப்பு கிடையாது. நேர்காணல் செய்பவருக்குக் கிடைப்பது இருபது, முப்பது நிமிடம். அதில் அவர் தேடுவது ஒன்றே ஒன்று: தெரியாத ஒரு சிக்கலைக் கொடுத்தால் இவர் எப்படி யோசிப்பார்? சான்றிதழ் அதைச் சொல்லாது. சான்றிதழ் வரிசையைப் பார்த்ததும் அதிலிருந்துதான் கேள்வி வரும் என்பது இன்னொரு ஆபத்து. மெஷின் லேர்னிங் என்று எழுதியிருந்தால், ஓவர்ஃபிட்டிங் என்றால் என்ன, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்போம். பதில் தெரியாவிட்டால், எழுதாமலே இருந்திருந்தால் வந்திருக்காத ஒரு தோல்வி. 'பைதான் 90 சதவீதம்' என்று ரெஸ்யூமேயில் பட்டை வரைந்து காட்டுவதும் இப்படித்தான். மீதி பத்து சதவீதம் எது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

மூன்றாவது வகைக்கு நம்மிடமே நல்ல வழி இருக்கிறது: என்பிடெல். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் நடத்தும் ஆன்லைன் பாடங்கள். அரசின் ஸ்வயம் தளத்தில் பதிவு செய்து படிக்கக் காசே கிடையாது. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் 1000 ரூபாய். கோர்ஸில் சேருவது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. ஒவ்வொரு பருவமும் இது புரியாமல் தேதியைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மதிப்பெண்ணில் அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. பன்னிரண்டு வாரக் கோர்ஸில் சிறந்த எட்டு அசைன்மென்ட்களை எடுத்துக்கொள்வார்கள். சான்றிதழுக்கு அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 என்று இரண்டிலும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும்.

டெலிகிராம் குரூப்பில் அசைன்மென்ட் விடை வாங்கிப் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். சான்றிதழில் அந்த இரண்டு மதிப்பெண்ணும் தனித்தனியாக அச்சாகிறது. அசைன்மென்ட்டில் 25க்கு 25, தேர்வில் 75க்கு 31 என்று பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பார்ப்பவருக்குப் புரியாதா? 19ம் 55ம் எடுத்தவர் மேல் எங்களுக்கு அதிக மதிப்பு. எதில் தொடங்குவது என்று கேட்டால், சென்னைக் கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைதானில் டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் நடத்தும் எட்டு வாரக் கோர்ஸில் தொடங்குங்கள். பருவத்துக்கு ஒரே ஒரு கோர்ஸ் போதும். நான்கில் சேர்ந்து நான்கையும் பாதியில் விடாதீர்கள். கிரெடிட் மாற்ற முடியுமா என்று உங்கள் கல்லூரியில் என்பிடெல்லைக் கவனிக்கும் லோக்கல் சாப்டர் ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடிப்படையே ஆட்டம் காண்கிறது என்றால் ஹார்வர்டின் சி.எஸ்.50 என்ற கணினி அறிவியல் அறிமுகப் பாடம். முழுப் பாடமும் இலவசம். எல்லாப் பயிற்சிகளையும் முடித்தால் அவர்கள் தளத்திலேயே இலவசச் சான்றிதழ் உண்டு, எட்எக்ஸ் என்ற பாடத் தளத்தில் பணம் கட்டுவது கட்டாயமில்லை. சி மொழியில் பாயின்டர் வரும் வாரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள். அங்கே விடாதீர்கள், பின்னால் வரும் எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது. டெர்மினல் (கட்டளை தட்டி இயக்கும் திரை), கிட் (கோட்டில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி), டீபக்கர் (பிழை தேடும் கருவி) இவற்றைப் பெரும்பாலான கல்லூரிகள் பாடமாக நடத்துவதில்லை. எம்.ஐ.டி. 2020இல் வெளியிட்ட 'மிஸ்ஸிங் செமஸ்டர்' வீடியோக்கள் இதற்காகவே உள்ளவை. இரண்டாம் ஆண்டிலேயே பார்த்துவிடுங்கள். கோட்டைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் ஸ்டூடன்ட் டெவலப்பர் பேக் கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினால் இலவசம். காசு கொடுத்து வாங்க வேண்டிய பல கருவிகள் அதில் அடக்கம்.

இனி புராஜெக்ட். புராஜெக்ட் சென்டரில் வாங்கி வராதீர்கள் என்று சொல்லி வாய் வலிக்கிறது. வாங்கியதா செய்ததா என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் போதும். கிட்ஹப்பில் கமிட் (ஒவ்வொரு முறையும் பதிந்த மாற்றம்) வரலாற்றைத் திறந்தால் நாற்பது ஃபைல்கள், 'ஃபர்ஸ்ட் கமிட்' என்று ஒரே கமிட். அதற்கு மேல் ஒன்றுமில்லை. சொந்தமாகச் செய்த சின்னப் புராஜெக்ட்டில் தவறும் திருத்தமும் தேதிவாரியாக இருக்கும். அதுதான் எங்களுக்கு வேண்டும்.

டிக்கெட் புக்கிங் ஆப் செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே சீட்டை இரண்டு பேர் ஒரே நேரத்தில் புக் செய்தால் என்ன ஆகும்? பெரும்பாலான மாணவர் புராஜெக்ட்களில் இரண்டு பேருக்குமே சீட் கிடைத்துவிடும். கோட் முதலில் டேட்டாபேஸில் ஒரு செலக்ட் (தேடும் கட்டளை) போட்டு சீட் காலியா என்று பார்க்கிறது, காலி என்றால் இன்சர்ட் (புதுப் பதிவைச் சேர்க்கும் கட்டளை) செய்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள சில மில்லிசெகண்டில் இன்னொருவரும் 'காலி' என்ற பதிலை வாங்கிவிடுகிறார். கையால் அழுத்தி இந்தப் பிழையைப் பிடிப்பது கடினம். செலக்ட்டுக்கும் இன்சர்ட்டுக்கும் நடுவே ஐந்து விநாடி ஸ்லீப் (காத்திருப்பு) போட்டு, இரண்டு வேறு வேறு பிரவுசரில் திறந்து அடுத்தடுத்து அழுத்துங்கள். டேபிளில் ஒரே சீட்டுக்கு இரண்டு வரிசை விழும். பிறகு காட்சி எண்ணையும் சீட் எண்ணையும் சேர்த்து ஒரு யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (அதே ஜோடி இரண்டாம் முறை வரக்கூடாது என்ற விதி) போடுங்கள். இரண்டாவது இன்சர்ட்டை டேட்டாபேஸே மறுத்துவிடும். அந்த எரரைப் பிடித்து, 'இந்த சீட் இப்போதுதான் போய்விட்டது' என்று பயனருக்குச் சொல்லுங்கள். ஒரு மாலை நேர வேலைதான். ஆனால் இதைச் செய்து பார்த்தவர் நேர்காணலில் டிரான்ஸாக்ஷன், ஐசொலேஷன், இன்டெக்ஸ் என்று டேட்டாபேஸ் விஷயங்களைப் பத்து நிமிடம் தானாகவே பேசுவார். பத்துச் சான்றிதழ் தராத வாய்ப்பு அது. ஏ.ஐ. கருவியை வைத்து எழுதினாலும் பரவாயில்லை. எந்த வரியைக் காட்டினாலும் அது ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

ரெப்போவில் (கிட்ஹப்பில் உங்கள் கோட் இருக்கும் இடம்) டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் ஏ.பி.ஐ. கீயையும் (வெளிச் சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியச் சாவி) போட்டுவிடாதீர்கள். போட்டுவிட்டால் அடுத்த கமிட்டில் அழித்துப் பயனில்லை, பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். அந்தக் கீயையே ரத்து செய்து புதிது எடுக்க வேண்டும். ரீட்மீ என்ற விளக்கக் குறிப்பில், புராஜெக்ட் என்ன செய்கிறது, எப்படி ஓட்டுவது, எது இன்னும் சரியாக வேலை செய்யவில்லை என்று மூன்று பத்தி எழுதுங்கள். ரெஸ்யூமே ஒரே பக்கம், ஒரே நெடுவரிசை, பி.டி.எஃப்.

மேற்படிப்பு எண்ணம் இருந்தால் மூன்றாம் ஆண்டிலேயே கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதலாம். 100 மதிப்பெண், 65 கேள்வி, மூன்று மணி நேரம், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேருகிறவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. கோடை விடுமுறைக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸின் சம்மர் ஃபெலோஷிப், மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வுத் திட்டம் இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். ஓப்பன் சோர்ஸில் ஆர்வமிருந்தால் கூகுள் சம்மர் ஆஃப் கோட். இவையெல்லாம் உங்களுக்குப் பணம் தருகின்றன, உங்களிடம் வாங்குவதில்லை. கிடைப்பது கடினம், உண்மைதான். கிடைக்காமல் போனாலும் விண்ணப்பத்துக்காகச் செய்த வேலை கையில் நிற்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். நகையை அடகு வைத்து 'டிரெய்னிங் வித் பிளேஸ்மென்ட்' என்று லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். டி.சி.எஸ்., இன்போசிஸ், விப்ரோ போன்ற நிறுவனங்கள் வேலைக்குப் பணம் வாங்குவதில்லை என்று தங்கள் தளத்திலேயே எச்சரிக்கை போட்டிருக்கின்றன. லேப்டாப் டெபாசிட், திரும்பக் கிடைக்கும் முன்பணம், மெடிக்கல் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது மோசடிதான். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி ஒரிஜினல்களை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். நல்ல நிறுவனம் பார்த்துவிட்டு அன்றே கையில் கொடுத்துவிடும்.

'இரண்டு வருட அனுபவம் போட்டுத் தருகிறோம்' என்று சொல்லும் ஆட்களிடம் போகவே போகாதீர்கள். உங்கள் பி.எஃப். கணக்கு எண்ணான யு.ஏ.என்.னில் எங்கே எப்போது வேலை பார்த்தீர்கள் என்ற விவரம் இருக்கிறது. பின்னணிச் சரிபார்ப்பு பல நிறுவனங்களில் சேர்ந்த பிறகுதான் முடியும். ஆறு மாதம் நன்றாக வேலை பார்த்த பிள்ளையைக்கூட அன்று மாலையே வெளியே அனுப்புவார்கள். ரிலீவிங் லெட்டரும் கிடைக்காது.

ஆஃபர் லெட்டர் வந்தால் அனுப்பியவரின் மெயில் முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஜிமெயிலில் வந்திருந்தாலோ, நிறுவனப் பெயரோடு 'கேரியர்ஸ்', 'ஹெச்.ஆர்.' என்று ஒரு ஒட்டு சேர்ந்த டொமைனில் வந்திருந்தாலோ, அந்த நிறுவனத்தின் தளத்தில் நீங்களே தேடி எடுத்த முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். லெட்டரிலேயே கொடுத்திருக்கும் போன் எண்ணை அழைத்து உறுதி செய்யாதீர்கள், அதை எடுப்பதும் அதே ஆள்தான். ஏற்கெனவே பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள், தேசிய சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதியுங்கள். யு.பி.ஐ. ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க யு.டி.ஆர். எண் இருக்கும், புகாருக்கு அது வேண்டும். அவர்களோடு நடந்த சாட் உரையாடலை அழித்துவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அந்தக் கணக்கிலிருந்து வேறு இடத்துக்குப் போகும் முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு.