டேங்க் எங்கே என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பழைய காரைப் பிரித்து, சக்திவாய்ந்த எஞ்சின் வைத்து ஹாட் ராட் கட்டும் ஆசையோடு பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் எஞ்சினைப் பற்றிப் பேசுவார்கள். அடுத்து சக்கரம், அப்புறம் பெயிண்ட். பெட்ரோல் டேங்க் பேச்சு எழும்போது சேஸிஸ் வேலை முடிந்திருக்கும், பின் ஆக்ஸில் உட்கார்ந்திருக்கும், சைலன்சர் குழாயும் ஓடி முடிந்திருக்கும். மிச்சமிருக்கும் இடத்தில் டேங்கைத் திணிப்பார்கள். தெற்கு கலிஃபோர்னியாவில் பழைய ஃபோர்டு கார்களைப் பிரித்துக் கட்டும் வேலையில் இருக்கிறேன். இந்த வரிசையை மாற்றச் சொல்லித்தான் வருகிற எல்லோரிடமும் மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.

பழைய கார்களில் டேங்க் இருக்கும் இடம் பாதுகாப்பை நினைத்து வைத்ததல்ல. ஃபோர்டு மாடல் டி-யில் பெரும்பாலான வண்டிகளுக்கு டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருந்தது. பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாகவே இறங்கி கார்புரேட்டருக்குப் போக வேண்டும். டேங்கில் பெட்ரோல் குறைந்திருந்தால் செங்குத்தான மேட்டில் எஞ்சின் நின்றுவிடும். அதனால் ரிவர்ஸில் ஏறினார்கள். 1927 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாடல் ஏ-யில் அதைத் தீர்க்க டேங்கை உயர்த்தி, விண்ட்ஷீல்டுக்கு முன்னால், டாஷ்போர்டுக்குப் பின்புறமாக வைத்தார்கள். ஏறக்குறைய 38 லிட்டர் பெட்ரோல் ஓட்டுபவரின் முழங்காலுக்கு மேலே நிற்கிறது. 40 குதிரைசக்தி எஞ்சினோடு மண் சாலையில் ஓடிய காலத்தில் அது எப்படியோ போயிற்று. அதே உடம்பில் 300 குதிரைசக்தி எஞ்சினை வைத்து நெடுஞ்சாலையில் விடும்போது அந்த டேங்கை அங்கேயே வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை. பம்ப் இருக்கிறது, பின்னால் கொண்டுபோகலாம்.

1932-இல் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் வந்தபோது ஃபோர்டே அதைப் பின்னால் கொண்டுபோனது. ஹாட் ராட் உலகத்தில் ‘டியூஸ்’ என்று கொண்டாடுகிற இந்தக் காரின் டேங்க், சேஸிஸின் பின்னே நீண்டிருக்கும் இரண்டு கொம்புகளுக்கு நடுவே வெளியே தெரிகிற மாதிரி தொங்குகிறது. அந்த வளைவுக்காகவே இந்தக் காரை விரும்புகிறவர்கள் உண்டு, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்குப் பின்னால் இருந்த ஒரே காவல் பம்பர்தான். ஹாட் ராட் ஆக்கும்போது முதலில் கழற்றி எறிவது அந்தப் பம்பரைத்தான். கழற்றிய நிமிடத்திலிருந்து டேங்க்தான் பம்பர்.

டேங்கின் முன்பக்கமும் பார்க்க வேண்டும். அண்மையில் ஒரு டியூஸ் ரோட்ஸ்டர், அதாவது திறந்த கூரை வண்டி, லிஃப்ட்டில் ஏறியது. பின் ஆக்ஸிலின் நடுவே குயிக் சேஞ்ச் டிஃபரன்ஷியல், அதாவது சீக்கிரம் பல்சக்கரம் மாற்றக்கூடிய கியர் பெட்டி. அதன் கியர் மூடி பின்பக்கம் பார்த்து நிற்கும், சுற்றிலும் ஸ்டட்டுகளும் நட்டுகளும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நட்டுக்கும் டேங்க் தகட்டுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழையவில்லை. டேங்கின் முகத்தில் பெயிண்ட் உரிந்து ஒரு இடம் பளபளவென்று இருந்தது. ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம் உரசியிருக்கிறது. பின்னாலிருந்து யாராவது இடித்தால் டேங்க் முன்னால் போய் அந்த நட்டில்தான் குத்தும்.

1970-களில் ஃபோர்டு விற்ற பிண்டோ என்ற சிறிய காரின் கதையும் இதுதான். பின்னால் மோதியபோது டேங்க் முன்னோக்கி நகர்ந்து டிஃபரன்ஷியல் போல்ட்டுகளில் கிழிந்தது, நிரப்பும் குழாயும் பிடுங்கிக்கொண்டது. 1978-இல் சுமார் 15 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தபோது செய்த வேலை மிகச் சாதாரணமானது: டேங்குக்கும் டிஃபரன்ஷியலுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் கவசம், இன்னும் நீளமான நிரப்பு குழாய். அந்த ரோட்ஸ்டருக்கும் டேங்கைப் பின்னே தள்ளிவிட்டு நடுவில் தடுப்புத் தகடு போட்டோம். பார்வைக்கு எதுவும் மாறவில்லை.

இன்றைய அமெரிக்கக் கார்களுக்கு 301 என்று ஒரு பாதுகாப்பு விதி இருக்கிறது. மணிக்கு 50 மைல் வேகத்தில் ஒரு தள்ளுவண்டியைப் பின்னால் மோதவிடுகிறார்கள். மோதி நிற்கும்வரை 28 கிராமுக்கு மேல் பெட்ரோல் சிந்தக் கூடாது. 1932-இல் பிறந்த காருக்கு இந்த விதி பொருந்தாது. பின்னால் வருகிற லாரிக்கு அந்த விலக்கெல்லாம் தெரியாது.

பந்தயத்திலிருந்து வந்த பழக்கங்கள் இன்னொரு பக்கம். டீன் மூன் என்பவர் கலிஃபோர்னியாவின் சாண்டா ஃபே ஸ்பிரிங்ஸில் செய்துவிற்ற வட்ட அலுமினிய டேங்கை ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டுவது ஒரு அழகு. கால் மைல் நேராக ஓடி நிற்கிற வண்டிக்கு அது சரி. ஊருக்குள் ஓடும் வண்டியில் முதலில் அடிபடும் இடம் அதுதான். அங்கே அலங்காரத்துக்கு வேண்டுமானால் காலியாக மாட்டுங்கள், அல்லது ரேடியேட்டர் தண்ணீருக்குப் பயன்படுத்துங்கள் என்று சொல்கிறேன். மாடல் டி உடம்பை வைத்துக் கட்டும் டி-பக்கெட் வண்டிகளில் சீட்டுக்குப் பின்னால், குட்டையாக வெட்டிய பெட்டியில் பீர் பீப்பாயையே டேங்காக வைத்ததையும் பார்த்திருக்கிறேன். அதற்கும் ஓட்டுபவரின் முதுகுக்கும் நடுவே இருப்பது ஃபைபர் கிளாஸ் மட்டுமே.

சரி, எங்கேதான் வைப்பது? இரண்டு சேஸிஸ் சட்டங்களுக்கு உள்ளே, பின் ஆக்ஸிலுக்கு முன்னாலோ மேலேயோ. இப்போதைய கார்களில் பின் சீட்டுக்கு அடியில் இருப்பது இதனால்தான். சட்டத்துக்கு வெளியே வைப்பதன் விளைவை 1973 முதல் 1987 வரை வந்த ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்புகளில் பார்த்தோம். பக்கவாட்டில் மோதினால் முதலில் நசுங்குவது டேங்க். குட்டையான ரோட்ஸ்டரில் ஆக்ஸிலுக்கு முன்னால் இடம் கிடைக்காது. அப்போது டிக்கியின் முன்பகுதியில் வைக்கிறேன், ஆனால் இரண்டு நிபந்தனை. சீட்டுக்கும் டிக்கிக்கும் நடுவே முழு ஸ்டீல் சுவர் வேண்டும். நிரப்பும் வாயும் காற்றுக் குழாயும் வண்டிக்கு வெளியே திறக்க வேண்டும்.

இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு மாடல் ஏ கூபே-யில் டிக்கியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது. காற்றுக் குழாய் டிக்கிக்குள்ளேயே முடிந்திருந்தது, அதிலிருந்து இரண்டு ஜாண் தூரத்தில் பேட்டரி. சீட்டுக்குப் பின்னால் துணி ஒட்டிய அட்டை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது, மேலே போகாமல் தரையில் படிந்து தேங்கும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் தீப்பிடிக்கிற அளவு ஆவி வரும். பேட்டரி முனையில் ஒரு பொறி போதும். ‘பழைய வண்டி, வாசனை வரத்தான் செய்யும்’ என்றார் உரிமையாளர். வராது. வந்தால் கசிவு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

குழாய்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடி ஃபில்டர் வேண்டாம், உடையும். கார்புரேட்டருக்குப் போட்ட ரப்பர் ஹோஸை அப்படியே ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு விடாதீர்கள். முன்னதில் அழுத்தம் 5, 6 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு பவுண்டு), பின்னதில் 58 அளவில் இருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உள்ளிருந்தே அரிக்கும், வெளியே ஸ்டீல் பின்னல் இருந்தால் அது கண்ணில் படாது. எலக்ட்ரிக் பம்ப் இருந்தால் மோதலில் தானாக அணையும் இனர்ஷியா ஸ்விட்ச் கட்டாயம். அது இல்லாத வண்டியில் எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் ஓடி, அறுந்த குழாய் வழியாக நெருப்புக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கும்.

ஃபியூயல் செல் என்ற பந்தய டேங்கைப் போட்டால் எல்லாம் தீர்ந்ததா என்று கேட்கிறார்கள். அது 1964-இன் துயரத்திலிருந்து வளர்ந்த பொருள். அந்த ஆண்டு மே மாதம் சார்லட்டில் நடந்த பந்தயத்தில் ஃபயர்பால் ராபர்ட்ஸ் என்ற ஓட்டுநர் தீயில் சிக்கி ஜூலையில் இறந்தார். அதே மே மாதம் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தின் இரண்டாவது சுற்றில் தீப்பிடித்த மோதலில் எடி சாக்ஸும் டேவ் மெக்டொனால்டும் இறந்தார்கள். கிழியாத ரப்பர் பையும் அதற்குள் ஸ்பாஞ்சு மாதிரி ஃபோமும் அதற்குப் பிறகு பந்தயத்தில் பரவின. நல்ல பொருள்தான். ஆனால் ஃபோம் காலப்போக்கில் உதிர்ந்து ஃபில்டரை அடைக்கும், ரப்பர் பைக்கும் ஆயுள் வரம்பு உண்டு. பையே இல்லாத வெறும் பிளாஸ்டிக் பெட்டியையும் அதே பெயரில் விற்கிறார்கள். வாங்கும்போது உள்ளே பை இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைசியாக, பழைய டேங்கை வீட்டில் வெல்டிங் செய்ய நினைப்பவர்களுக்கு. நிறைந்த டேங்கைவிட காலி டேங்க்தான் கொல்லும். காற்றில் ஆவி ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் கலந்தால் வெடிக்கும், காலி டேங்கில் அந்தக் கலவை தயாராக இருக்கிறது. பல மாதம் திறந்து வைத்திருந்தாலும் துருவுக்கும் தகட்டு இணைப்புக்கும் நடுவே ஊறிய பெட்ரோல், சூடு பட்டதும் ஆவியாகும். நீராவியில் கழுவி, ஆவி அளக்கும் கருவியால் சோதித்து, ஆர்கான் வாயு நிரப்பிச் செய்கிற இடத்தில் கொடுங்கள். துரு அதிகமென்றால் அந்தச் செலவும் வீண். 1932 மாடலுக்கு அசல் வடிவத்திலேயே ஸ்டீலில் செய்த புது டேங்க் கடையில் கிடைக்கிறது. அதை வாங்கும்போது, வண்டி கவிழ்ந்தால் காற்றுக் குழாயை மூடும் வால்வையும் சேர்த்து வாங்குங்கள்.