கணிமித் தடுப்பூசி: வளர்ப்பு மீனுக்கான டி.என்.ஏ. தடுப்பூசி, ஒரு சொல் விளக்கம்

நெல்லைப் பக்கம் குளத்து மீன்பாசியைக் குத்தகைக்கு எடுத்திருப்பவரிடம் "மீனுக்கு டி.என்.ஏ. தடுப்பூசி இருக்கு" என்று சொன்னால் உடனே இரண்டு கேள்விகள் வரும். "ஒண்ணொண்ணாப் பிடிச்சா ஊசி போடணும், அண்ணாச்சி?" என்பது ஒன்று. "டி.என்.ஏ.ன்னா மரபணு மாத்துன மீனா?" என்பது இன்னொன்று. இரண்டும் அந்தப் பெயருக்குள்ளிருந்தே எழும் கேள்விகள். முதல் கேள்விக்கு விடை 'ஆம்', இரண்டாவதற்கு 'இல்லை'. இரண்டையும் விளக்க, பெயரைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தடுப்பு + ஊசி = தடுப்பூசி. முதற்சொல்லின் ஈற்று உகரம் கெட்டு, அடுத்த உயிரோடு சேர்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'வாக்சின்' என்ற சொல் பசுவிலிருந்து வந்தது. லத்தீன் மொழியில் 'வாக்கா' என்றால் பசு. பால் கறக்கும் பெண் ஒருத்தியின் கையில் வந்திருந்த பசு அம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து 1796ல் எட்வர்ட் ஜென்னர் ஒரு சிறுவனுக்குக் குத்தினார். அந்த நீருக்கு ஏற்பட்ட பெயர் அது. மற்ற நோய்களுக்கான மருந்தையும் அதே பெயரால் அழைக்கலாம் என்று 1881ல் லூயி பாஸ்டர் முன்மொழிந்தார். ஜென்னருக்குச் செய்யும் மரியாதையாக அதைச் சொன்னார். அப்படித்தான் பசுவின் பெயர் கோழிக்கும் நாய்க்கும் கடைசியில் மீனுக்கும் வந்து சேர்ந்தது.

தமிழ் அந்த வழியில் போகவில்லை. நம் பாட்டிமார் பேசியது 'அம்மை குத்துதல்'. குத்திய நீர் 'அம்மைப்பால்'. மேல்கையில் வட்டத் தழும்பு இருப்பவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும் சொற்கள். செயலை அப்படியே காட்டும் நல்ல சொற்கள்தாம், ஆனால் பெரியம்மையோடு கட்டுண்டவை. வேறு நோய்களுக்கும் மருந்து வந்தபோது 'தடுப்பூசி' பரவியது. அது பயனையும் கருவியையும் சொல்கிறது, நோயைச் சொல்வதில்லை. அதன் குறை 'ஊசி'. போலியோவுக்கு வாயில் விடுவதை நாம் 'சொட்டு மருந்து' என்றே சொல்கிறோம், தடுப்பூசி என்று நா எழாது.

மீன் வளர்ப்பில் இந்தக் குறை பெரிதாகிறது. மீனுக்குத் தடுப்பு மருந்து மூன்று வழியில் போகும்: ஊசி, மருந்து கலந்த நீரில் முக்கி எடுப்பது, தீவனம். பின்னிரண்டையும் தடுப்பூசி என்று எழுதினால் படிப்பவர் கையில் ஊசியைத் தேடுவார். அவற்றை முழுக்கு மருந்து, தீவன மருந்து என்று எழுதுவதே நேர். டி.என்.ஏ. வகைக்கு மட்டும் 'ஊசி' கச்சிதமாகப் பொருந்துகிறது. உரிமம் பெற்று மீன் பண்ணைக்கு வந்தவை தசையில் ஊசியாகவே போடப்படுகின்றன.

இனி 'டி.என்.ஏ.' பகுதி. வழக்கமான தடுப்பூசியில் கொன்ற கிருமியோ, பலவீனமாக்கிய கிருமியோ, அதன் ஒரு புரதமோ இருக்கும். உடல் அதைப் பார்த்து அடையாளம் கற்றுக்கொள்ளும். டி.என்.ஏ. தடுப்பூசியில் கிருமியும் இல்லை, புரதமும் இல்லை. புரதம் செய்வதற்கான அச்சு மட்டும் இருக்கிறது. ஊசி போட்ட இடத்துத் தசைச் செல்கள் சில அந்த அச்சை உள்ளே இழுத்து, வைரஸின் ஒரு புரதத்தைத் தாமே செய்து வெளிக்காட்டும். அதைக் கண்டு மீனின் எதிர்ப்பாற்றல் விழித்துக்கொள்ளும். 'விதை' என்று எழுதுவோரும் உண்டு, அது பிழை. விதை தன்னைப் போல் இன்னொன்றை உண்டாக்கும். இடியாப்ப அச்சு இடியாப்பம் பிழியும், இன்னொரு அச்சைப் பிழியாது. இதுவும் அப்படியே.

அந்த அச்சின் அறிவியல் பெயர் பிளாஸ்மிட். 1952ல் ஜோஷுவா லெடர்பெர்க் ஆக்கிய சொல். பாக்டீரியாவின் முதன்மை டி.என்.ஏ.வுக்கு வெளியே தனியே இருக்கும் சிறு வளையம் அது. தமிழில் 'கணிமி' என்று எழுதுகிறார்கள். தடுப்பூசிக் கணிமியில் நான்கு பகுதிகள் முக்கியம். தடுக்க வேண்டிய நோய்க்கிருமியின் ஒரு புரதத்துக்கான மரபணு முதலாவது. அதற்கு முன்னால் 'இங்கிருந்து படி' என்று மீன் செல்லுக்குச் சொல்லும் தொடக்கி. பெரும்பாலும் மனிதரைத் தொற்றும் சைட்டோமெகலோ வைரஸிடமிருந்து எடுத்தது. மரபணுவுக்குப் பின்னால் முடிவுக்குறி. நான்காவது, பாக்டீரியாவுக்குள் மட்டும் வேலை செய்யும் பெருக்கத் தொடக்கம். ஈ. கோலை பாக்டீரியாவைக் கொதிகலன் போன்ற பெரிய கலனில் வளர்க்கும்போது கணிமி கோடிக்கணக்கில் பெருகுவது இதனால். பிறகு பாக்டீரியாவை உடைத்துக் கணிமியை மட்டும் பிரித்தெடுத்து, பாக்டீரியா நச்சுகளை நீக்கிச் சுத்தம் செய்கிறார்கள். மீன் செல்லுக்கு அந்த நான்காவது பகுதியைப் படிக்கத் தெரியாது. ஆகவே மீனுக்குள் கணிமி பெருகுவதில்லை.

'மரபணு மாற்றிய மீனா?' என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. மரபணு மாற்றம் என்றால் மீனின் சொந்த டி.என்.ஏ.வுக்குள் புதிய துண்டு நிலையாக நுழைந்து குஞ்சுகளுக்கும் போக வேண்டும். தசையில் போட்ட கணிமி தனித்தே கிடந்து காலப்போக்கில் சிதைகிறது, மீனின் டி.என்.ஏ.வோடு இணையும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஐரோப்பாவில் 2017ல் சால்மன் என்ற குளிர்நீர் மீனின் கணைய நோய்க்கு அனுமதி பெற்ற டி.என்.ஏ. தடுப்பூசிக்கு, போட்ட பிறகு இத்தனை நாள் மீனை விற்கக் கூடாது என்ற காத்திருப்பே கிடையாது.

பெயரைப் பற்றிய இந்தக் குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. தொடக்கத்தில் ஆங்கிலத்திலும் 'மரபணு வழி நோய்த்தடுப்பு' என்ற பெயர் வழங்கியது. 1994ல் ஜெனீவாவில் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டிய கூட்டத்தில் 'நியூக்ளிக் அமிலத் தடுப்பூசி' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆக, 'மரபணுத் தடுப்பூசி' என்று எழுதினால் பொய்யாகாது, ஆனால் தேவையில்லாத அச்சத்தைக் குளத்தங்கரைவரை கொண்டுபோகும். குப்பிக்குள் இருப்பது கணிமி. அதனால் தமிழ்ப் பெயர் வேண்டும் என்றால் 'கணிமித் தடுப்பூசி' என்பதே எங்கள் தேர்வு. பேச்சில் 'டி.என்.ஏ. தடுப்பூசி' தாராளமாக இருக்கலாம்.

இந்த முறையின் வரலாற்றில் நமக்கு நெருக்கமான ஒரு மீன் உண்டு. எலியின் தசையில் வெறும் டி.என்.ஏ.வை ஊசியால் செலுத்தினாலே அது புரதம் செய்கிறது என்று 1990ல் தெரிந்தது. அடுத்த ஆண்டே அதை மீனில் செய்துகாட்டியபோது எடுத்துக்கொண்டது சாதாக் கெண்டையை. 1996ல் டிரவுட் மீனுக்கு, ஐ.எச்.என். என்ற கொடிய மீன் நோயை உண்டாக்கும் வைரஸின் வெளிப்புரத மரபணுவைப் போட்டுப் பாதுகாப்புக் கிடைத்தது. 2005ல் அதே நோய்க்கு, சால்மனுக்காக, கனடா உரிமம் வழங்கியது. மனிதருக்கான முதல் டி.என்.ஏ. தடுப்பூசி 2021 ஆகஸ்டில் இந்தியாவில் அனுமதி பெற்ற ஸைகோவ்-டி. அதற்குப் பதினாறு ஆண்டு முன்பே மீன் அதைப் பெற்றுவிட்டது.

அளவுகளைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு சால்மனுக்கு 0.05 மி.லி., அதில் கணிமி சுமார் 5 முதல் 10 மைக்ரோகிராம். ஒரு ஏக்கர் குளத்துக்கு 4,000 குஞ்சு என்றால் மொத்த மருந்து 200 மி.லி. மட்டுமே. சிக்கல் மருந்தில் இல்லை, குஞ்சின் அளவில். கணைய நோய் ஊசிக்கு மீன் குறைந்தது 25 கிராம் இருக்க வேண்டும். நாம் குளத்தில் விடும் விரலளவுக் குஞ்சு பெரும்பாலும் 10 கிராமை ஒட்டியது. கட்லா, ரோகுவுக்கு இம்முறை என்றாவது வந்தால் ஓராண்டுக் குஞ்சு வாங்கி விடுகிற பண்ணைக்குத்தான் முதலில் ஒத்துவரும்.

ஊசி போடும் முறையும் அதில் நடக்கும் பிழைகளும் எல்லா மீனுக்கும் ஏறத்தாழ ஒன்றே. முந்தின நாளே தீவனத்தை நிறுத்த வேண்டும். வயிறு நிறைந்த மீன் மயக்க நீரில் கக்கும், நீர் கெடும். மயக்கத்துக்குக் கிராம்பு எண்ணெய், 10 லிட்டர் நீருக்குக் கால் முதல் அரை மி.லி. போதும். இந்த எண்ணெய் நீரில் கரையாது. பத்து மடங்கு எத்தனாலில் முதலில் கலக்கிப் பிறகே ஊற்ற வேண்டும். அப்படியே ஊற்றினால் மேலே படலமாக மிதக்கும், மேலே வரும் மீன் சாகும், அடியில் நிற்பது துள்ளும். குஞ்சுக்கு மட்டும் இதைச் செய்யலாம், விற்கப்போகும் மீனுக்குக் கூடாது. மீன் சாய்ந்து, செவுள் மூடி மட்டும் அசையும் நிலைதான் சரி. செவுள் நின்றால் அளவு மிஞ்சிவிட்டது, உடனே காற்றூட்டிய நல்ல நீருக்கு மாற்ற வேண்டும்.

ஊசி இறங்கும் இடம் முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால், பக்கவாட்டில் உள்ள சதை. வழக்கமான எண்ணெய்த் தடுப்பூசி வயிற்றறைக்குள் போகும். அந்தப் பழக்கத்தில் இதையும் வயிற்றில் போட்டால் மருந்து வீண், ஏனெனில் அச்சைப் படிக்க வேண்டியது தசைச் செல். செலுத்தியதும் வெடுக்கென்று ஊசியை உருவினாலும் மருந்து பின்னால் கசிந்துவிடும்; 0.05 மி.லி.யில் அரைத் துளி போனாலே பாதி போச்சு. மழுங்கிய ஊசி செதிலைக் கிழிக்கும், அந்தப் புண்ணில் ஏரோமோனாஸ் பாக்டீரியா ஏறும். வேலையைக் காலைக் குளிர்ச்சியிலேயே முடிப்பது நல்லது. நீர் சூடானால் அது தாங்கும் ஆக்சிஜன் குறையும்.

பாதுகாப்பு எப்போது தொடங்கும் என்பதை மீன் துறையில் 'டிகிரி நாள்' கொண்டு கணக்கிடுகிறார்கள்: நீர் வெப்பநிலையை நாட்களால் பெருக்குவது. 400 டிகிரி நாள் என்றால் 10 டிகிரி நீரில் 40 நாள். நம் தாமிரபரணிப் பாசனக் குளத்து 28 டிகிரி நீரில் கணக்குப்படி 14 நாள் வரும். ஆனால் குளிர்நீர் மீனுக்குப் போட்ட கணக்கை வெப்பநீர்க் கெண்டைக்கு அப்படியே பெயர்த்து நம்பக் கூடாது.

தீவனத்தில் ஏன் தர முடியவில்லை? இரைப்பை அமிலமும் குடல் நொதிகளும் டி.என்.ஏ.வை வெட்டிப்போடும். நீரில் முக்கினால் தோலையும் செவுளையும் அது எளிதில் கடப்பதில்லை. இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல முயற்சி நடந்திருக்கிறது. மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆய்வாளர்கள் கைட்டோசான் நுண்துகளுக்குள் கணிமியைப் பொதிந்து கொடுவா மீனுக்கு வாய்வழியாகக் கொடுத்து, விப்ரியோ கிருமிக்கு எதிராக ஓரளவு பாதுகாப்பு கிடைத்ததை 2008ல் வெளியிட்டார்கள். கைட்டோசான் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. தூத்துக்குடிப் பக்கம் இறால் பதப்படுத்தும் கூடங்களில் அந்த ஓட்டுக்குப் பஞ்சமே இல்லை.

எந்த நோய்க்கு இது உதவும் என்பதில் மட்டும் ஆசை வார்த்தை கூடாது. செல்லுக்குள் புகுந்து பெருகும் வைரஸுக்கு, அதிலும் ஐ.எச்.என். போன்ற ராப்டோ குடும்ப வைரஸுக்கு, இது மிகச் சிறப்பாக வேலை செய்தது. பாக்டீரியாவுக்கு அவ்வளவு இல்லை. பாக்டீரியாவின் முக்கிய அடையாளம் பல நேரம் அதன் மேலுறைச் சர்க்கரைப் பொருள். மரபணு புரதத்துக்குத்தான் அச்சு. சர்க்கரைக்கு நேரடி அச்சு கிடையாது. பிசானப் பருவத்தில் குளம் நிறைந்து நீர் குளிரும்போது விராலுக்கு வரும் சிவப்புப் புண் நோய்க்குக் காரணம் அஃபனோமைசிஸ் என்ற பூஞ்சை போன்ற உயிரி. அதற்குச் சுண்ணாம்பும், ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழ நீருக்கு ஒரு லிட்டர் சைஃபாக்ஸ் என்ற மருந்தும்தான் இன்றைய வழி. மீன் பேனுக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமே இல்லை. ஜிலேபிக் கெண்டையைத் தாக்கும் திலேப்பியா ஏரி வைரஸ் இந்தியாவிலும் பதிவானது. இம்முறைக்கு இயல்பாகப் பொருந்தும் நோய் அது.

கடைசியாக ஒரு வழக்குப் பிழை. 'இறாலுக்குத் தடுப்பூசி' என்று விளம்பரங்களில் காண்கிறோம். இறாலுக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கும் அமைப்பே இல்லை. முதுகெலும்புள்ள விலங்குகளைப் போல் ஒரு கிருமியை நினைவில் வைத்து எதிர்க்கத் தெரியாது. அதற்குக் கொடுப்பதை 'எதிர்ப்பூக்கி' என்று எழுதலாம். எழுத்து முறையில், கணிமி என்பதன் பின் வல்லினம் மிகும்: கணிமித் தடுப்பூசி. டி.என்.ஏ. என்ற சுருக்கத்தின் பின் புள்ளி நிற்பதால் ஒற்று இடாமல் 'டி.என்.ஏ. தடுப்பூசி' என்றே எழுதுக.