சிக்னல் போன அந்த இரவு: சிம் மாற்று மோசடி நடக்கும் விதம்

டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் என் பெரியம்மாவின் கைபேசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை சிக்னல் போய்விட்டது. அது 2023ஆம் ஆண்டு. தென்னாப்பிரிக்கா முழுவதும் லோட் ஷெடிங் என்னும் மின்வெட்டு அன்றாட வாழ்க்கையாகிவிட்ட காலம். மின்சாரம் நின்ற சில மணி நேரத்தில் கைபேசிக் கோபுரங்களின் மின்கலங்களும் தீர்ந்துபோவது எல்லாருக்கும் பழகிய ஒன்று என்பதால், அவர் அதைப் பொருட்படுத்தாமல் சாமி விளக்கை ஏற்றிக் கும்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். விடிவதற்குள் அவருடைய சேமிப்பு மூன்று தவணைகளாக வேறு கணக்குகளுக்குப் போயிருந்தது.

அவர் யாரிடமோ ரகசிய எண்ணைச் சொல்லி ஏமாந்திருப்பார் என்று உறவினர் சிலர் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு பணம் போனதைவிட அவரை அதிகமாக வருத்தியது. வங்கி அனுப்பிய ஒருமுறைக் கடவுச்சொல் அவர் கைக்கு வரவே இல்லை; வராத எண்ணை அவர் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? நடந்தது என்னவென்று அறிய, சிம் அட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் தொலைபேசி எண் சிம் அட்டைக்குள் இருப்பதாகவே பலரும் நினைக்கிறோம். உண்மையில் வலையமைப்பு ஒரு சிம்மை அடையாளம் காண்பது வேறொரு எண்ணைக் கொண்டு. அதிகபட்சம் 15 இலக்கங்கள் கொண்ட அந்தச் சந்தாதாரர் எண், தென்னாப்பிரிக்க சிம்களில் 655 என்று தொடங்கும். அதனுடன் 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசியச் சாவியும் சில்லுக்குள் பதிக்கப்பட்டிருக்கிறது. கைபேசி வலையமைப்பில் இணையும்போது நிறுவனத்தின் கணினி ஒரு தற்செயல் எண்ணை அனுப்ப, சிம் அதைத் தன் சாவியோடு சேர்த்துக் கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்புகிறது. சாவி அட்டையை விட்டு வெளியே வருவதே இல்லை என்பதால், அதை வானலையில் ஒட்டுக்கேட்டுத் திருட முடியாது.

ஆனால் நாம் பிறருக்குக் கொடுக்கும் தொலைபேசி எண் எந்த சிம்முக்கு உரியது என்பதை முடிவு செய்வது நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ள ஒரே ஒரு வரி. கைபேசி தொலைந்தால் பழைய எண்ணையே புதிய சிம்மில் பெற முடிவது அந்த வரியைத் திருத்த முடிவதால்தான். மோசடிக்காரர்கள் கை வைப்பதும் அங்கேதான். போலி அடையாள அட்டையோடு கடைக்குச் சென்றோ, உள்ளே பணிபுரியும் ஒருவரைக் கையில் போட்டுக்கொண்டோ, அந்த வரியைத் தம் சிம்முக்கு மாற்றிக்கொள்கிறார்கள். அந்த நொடியே உண்மையான உரிமையாளரின் சிம் செயலிழக்கிறது. வங்கியின் குறுஞ்செய்தி சரியான எண்ணுக்குத்தான் போகிறது. அந்த எண்தான் வேறொருவர் கையில் இருக்கிறது.

இந்நாட்டில் 2009 முதல் ஒவ்வொரு சிம்மும் உரிமையாளரின் அடையாள எண்ணோடு பதிவு செய்யப்படுகிறது. அப்படியிருந்தும் இது நடப்பதற்குக் காரணம், அந்த 13 இலக்க எண் ரகசியமே அல்ல. முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதி. அடுத்த 4 இலக்கங்கள் பெண்களுக்கு 5000க்குக் கீழும் ஆண்களுக்கு 5000 முதலும் அமையும். பிறகு குடியுரிமையைக் குறிக்கும் ஓர் இலக்கமும், இன்று பெரும்பாலும் 8 ஆகவே இருக்கும் ஓர் இலக்கமும் வருகின்றன. கடைசி இலக்கம், முன்னுள்ள 12 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்பு எண். ஆகவே பிறந்தநாள் தெரிந்த ஒரு குடிமகளின் எண்ணுக்கு ஏறக்குறைய 5000 வாய்ப்புகளே உள்ளன. அந்தச் சிரமமும் தேவைப்படாத நிலை வந்துவிட்டது. 2020 ஆகஸ்டில் வெளியான, மக்களின் கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் எக்ஸ்பீரியன் நிறுவனத்தின் தரவுக் கசிவு 2 கோடியே 40 லட்சம் தென்னாப்பிரிக்கர்கள் வரை பாதித்திருக்கலாம் எனக் கணக்கிடப்பட்டது. அங்கும் ஒருவர் வாடிக்கையாளர் வேடத்தில் வந்தே தரவுகளைப் பெற்றிருந்தார்.

மீதமிருப்பது இணைய வங்கியின் கடவுச்சொல். பார்சல் ஒன்று காத்திருப்பதாக வந்த இணைப்பைத் தொட்டு, வங்கிப் பக்கம் போலவே இருந்த ஒரு பக்கத்தில் பெரியம்மா அதை ஒரு வாரம் முன்பே தட்டச்சு செய்திருந்தார். அவர் செய்த பிழை அது ஒன்றுதான். நானும் செய்திருக்கக்கூடிய பிழை.

குறுஞ்செய்திக் கடவுச்சொல்லின் இந்தப் பலவீனம் வல்லுநர்கள் அறியாததன்று. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2017ஆம் ஆண்டின் வழிகாட்டுதலிலேயே இம்முறையைக் கட்டுப்பாட்டுக்குரியதாக வகைப்படுத்தியது. வங்கியின் செயலி வழியே ஒப்புதல் கேட்கும் முறை இதைவிட வலுவானது. முறையாக அமைக்கப்பட்ட செயலியில் ரகசியச் சாவி அந்தக் கைபேசியின் பாதுகாப்புச் சில்லில் தங்குவதால், எண்ணை மட்டும் பறித்தவரால் ஒப்புதல் தர முடியாது. அதனால் திருடர்கள் இப்போது உரிமையாளரையே ஒப்புதல் பொத்தானை அழுத்த வைக்கப் பார்க்கிறார்கள். வங்கி அதிகாரி போலப் பேசி, பணத்தை 'திருப்பி வாங்க' ஒப்புதல் தரும்படி அவசரப்படுத்துவார்கள். திரையில் தொகையும் பெறுபவர் பெயரும் எழுதியிருக்கும். பேச்சைக் கேட்காமல் அந்த வரியைப் படிப்பவர் தப்பிவிடுவார். அழைப்பில் தெரியும் எண்ணையும் போலியாக அமைக்க முடியும் என்பதால், தொடர்பைத் துண்டித்துவிட்டு, வங்கி அட்டையின் பின்புறம் உள்ள எண்ணை நாமே அழைப்பதுதான் சரி.

சிம் மாற்றத்தில் நமக்குக் கிடைக்கும் முக்கியமான எச்சரிக்கை சிக்னல் இழப்பு. சில வேளைகளில் இடைவிடாத வெற்று அழைப்புகளால் தொல்லை கொடுத்து, நாமே கைபேசியை அணைத்துவைக்கும்படி செய்து, அந்த எச்சரிக்கையையும் மறைத்துவிடுகிறார்கள். இணைய வங்கியில் அன்றாடப் பரிமாற்ற வரம்பைக் குறைத்துவைப்பது ஓர் இரவின் இழப்பைக் கட்டுப்படுத்த உதவும். அடையாள எண் கசிந்ததாகச் சந்தேகிப்பவர்கள் எஸ்.ஏ.எஃப்.பி.எஸ். என்னும் மோசடித் தடுப்புச் சேவையில் கட்டணமின்றிப் பாதுகாப்புப் பதிவு செய்துகொள்ளலாம். தம் பெயரில் பிறர் கடன் கேட்கும்போது நிறுவனங்கள் கூடுதலாகச் சரிபார்க்க அது உதவும்.

பெரியம்மா இப்போது சிக்னல் போனால், அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்கிறார். அவருக்கும் இல்லையென்றால் கோபுரத்தின் கோளாறு என்று விட்டுவிடுகிறார். அவருக்கு இருந்து தமக்கு மட்டும் இல்லையென்றால், அந்தப் பெண்ணின் கைபேசியிலேயே வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறார். அதற்கான எண்ணைச் சமையலறையில் தொங்கும் தமிழ் நாட்காட்டியின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.