ஸ்கேனருக்குத் துணைப்பெட்டி: இடம் சொல்லலாம், இரைச்சல் போடக் கூடாது

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லாஸ் வேகாஸுக்குக் காரில் போகிறவர் லாஸ் ஏஞ்சலஸ், சான் பெர்னார்டினோ, கிளார்க் என மூன்று கவுன்டிகளைக் கடக்கிறார். தீயணைப்புக்கும் காவலுக்கும் ஒவ்வொரு கவுன்டியிலும் அலைவரிசை வேறு. ஸ்டீயரிங்கைப் பிடித்த கையால் ரேடியோ ஸ்கேனரையும் (பல அலைவரிசைகளை மாறி மாறித் தேடிக் கேட்கும் ரேடியோ) திருகிக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் யூனிடன் போன்ற நிறுவனங்களின் சில ஸ்கேனர்களில் ஜிபிஎஸ் இணைக்க வழி இருக்கிறது. இருக்கும் இடம் தெரிந்தால் அந்த வட்டாரத்து அலைவரிசைகளை ஸ்கேனரே திறந்துகொள்ளும். தாண்டி வந்தவற்றை மூடிவிடும்.

இடத்தைச் சொல்லும் பெட்டியை நாமே செய்யலாம். நியோ-6எம் போன்ற மலிவான ஜிபிஎஸ் மாட்யூல் நொடிக்கு ஒருமுறை நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம் எல்லாவற்றையும் என்எம்இஏ 0183 என்ற தர வடிவில் (வழிகாட்டும் கருவிகளின் பொதுமொழி) எழுத்துகளாக அனுப்பும். தரவு அனுப்பும் வேகம் இருபுறமும் பொருந்த வேண்டும்: மாட்யூல் 9600 பாடில் (நொடிக்கு 9600 பிட்) பேசும், இந்தத் தரத்தின் வழக்கமான வேகம் 4800. ஸ்கேனர் ஆர்எஸ்-232 (பழைய கணினி சீரியல் இணைப்புத் தரம்) கேட்டால் இடையில் ஒரு மாற்றி சிப் வேண்டும். அங்கே 1 என்பது எதிர்மின்னழுத்தம்; மாட்யூலிலோ ஏறக்குறைய 3 வோல்ட். இதெல்லாம் ஒரு மாலை வேலை.

உண்மையான தலைவலி பேட்டரியில் தொடங்குகிறது. ஒரு லித்தியம் செல்லும் மின்னழுத்தத்தை ஏற்றும் ஸ்விட்சிங் சர்க்யூட்டும் போதும் என்றுதான் முதலில் தோன்றும். அந்த சர்க்யூட் நொடிக்குப் பத்து லட்சம் முறைக்கு மேல் மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிறது. ஒவ்வொரு வெட்டும் மடங்கு அலைவரிசைகளில் இரைச்சலாகச் சிதறும். 1.5 மெகாஹெர்ட்ஸில் ஓடினால் அதன் 103ஆம் மடங்கு 154.5; தீயணைப்பு வீரர்கள் பேசும் பகுதி அது. பெட்டிக்குள் மைக்ரோகன்ட்ரோலர் (சிறு கணினி சிப்) வைத்தால் அதன் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரமும் சளைத்ததல்ல: எட்டாம் மடங்கான 128, விமானங்கள் பேசும் இடம். உதவிக்கு வைத்த பெட்டி ஸ்கேனரின் காதையே அடைத்துவிடும்.

என் தேர்வு, பழைய பாணியில் மூன்று ஏஏ நிக்கல் செல்கள். 3.6 வோல்ட்டை ஒரு லீனியர் ரெகுலேட்டர் (வெட்டி விடாமல் சீராக இறக்கும் சிப்) 3.0 ஆக இறக்கும். மாட்யூலுக்கு 2.7 போதும். 40 மில்லியாம்பியர் ஓட்டத்தில் வெப்பமாக வீணாவது 24 மில்லிவாட் மட்டுமே. 2000 மில்லியாம்பியர்-மணி செல்கள் ஏறக்குறைய இரண்டு நாள் தாங்கும். ரெகுலேட்டரிடமிருந்து சத்தமே வராது.

தொல்லை எதிர்த்திசையிலும் வரும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. தரைக்கு வரும் அவற்றின் 1575.42 மெகாஹெர்ட்ஸ் சிக்னல், ரிசீவரின் சொந்த இரைச்சலுக்கும் கீழே கிடக்கிறது. ஸ்கேனரின் உள் ஆசிலேட்டர் (அலை உண்டாக்கும் சர்க்யூட்) 787.71 மெகாஹெர்ட்ஸைத் தொட்டால் அதன் இரட்டிப்பு நேராக இதன் தலையில் விழும். ஆகவே ஆன்டெனா ஸ்கேனரை ஒட்டி வேண்டாம். கேபிள் நீளட்டும், பெட்டி உலோகமாக இருக்கட்டும்.

சிறு பட்டன் செல் ஒன்றையும் மாட்யூலின் பேக்-அப் முனையில் சேர்த்துவிடுங்கள். செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறைதான் ஒலிபரப்பும். அது நினைவில் இருந்தால், பெட்ரோல் போட நிறுத்திக் கிளம்பும்போது மறுபடி காத்திருக்க வேண்டாம்.

சோதிப்பது எளிது. ஆளில்லாத அலைவரிசையில் ஸ்குவெல்ச்சைத் (வெறும் இரைச்சலை அடக்கும் அமைப்பு) திறந்துவைத்துப் பெட்டியை ஆன், ஆஃப் செய்யுங்கள். இரைச்சல் மாறினால் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். அப்போது அடங்கினால் கேபிளே ஆன்டெனா ஆகிவிட்டது. அதில் இரைச்சலை அடக்கும் ஒரு ஃபெரைட் வளையத்தை மாட்ட வேண்டியதுதான்.