பரிசுத் துப்பாக்கியா? வெள்ளித் தகட்டைக் கடைசியில் படியுங்கள்

திருநெல்வேலிச் சீமையின் பழைய வீடுகளில் பரண் ஒதுக்கும்போது வெள்ளித் தகடு பதித்த துப்பாக்கி ஒன்று அகப்பட்டால், யார் யாருக்குக் கொடுத்தது என்பதைத்தான் எல்லோரும் முதலில் படிக்கிறார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள். துப்பாக்கியிலேயே மிக எளிதாக மாற்றக்கூடிய பகுதி அந்தத் தகடுதான்.

முதலில் உயிர் காக்கும் வேலை. வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியில் நூறாண்டுக்கு முன் கெட்டித்த கருமருந்து இன்றும் வெடிக்கும். குழல் வாய்க்கு நேரே முகமோ கையோ போகாமல், மெல்லிய மரக்குச்சியை அடிவரை விட்டு, வாயருகே குச்சியில் குறியிடுங்கள். அதை எடுத்துக் குழலின் வெளிப்புறத்தில் அதே அளவுக்கு வைத்துப் பாருங்கள். தீப்பொறி நுழையும் துளைக்கு ஓரங்குலம், இரண்டங்குலம் முன்னாலேயே முனை நின்றால் உள்ளே மருந்து இருப்பதாகவே கொள்ள வேண்டும். குத்தவோ தோண்டவோ கூடாது. காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

"தாத்தா காலத்துச் சாமானுக்கு லைசென்ஸ் எதுக்கு?" என்ற நினைப்பு ஆபத்தானது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு தரும் விலக்கு, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதங்களுக்கு மட்டுமே. தோட்டா போட்டுச் சுடக்கூடிய இரட்டைக்குழல் எவ்வளவு பழையதானாலும் உரிமம் வேண்டும். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் வாரிசுகள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி இரும்பு சொல்வதைக் கேட்கலாம். குழலின் மேல்புறத்தில் 'மதராஸ்' என்று ஒரு கம்பெனி பெயர் இருந்தால், அது பெரும்பாலும் விற்றவர் பெயர். செய்த இடம் பெரும்பாலும் அடிப்பக்கத்துச் சோதனை முத்திரையில் (குழல் வெடியைத் தாங்குகிறதா என்று சோதித்து அடித்த குறி) தெரியும். கிரீடம், குறுக்கிட்ட செங்கோல்கள், 'பி.பி.சி.' (BPC) எழுத்துகள் சேர்ந்திருந்தால் பர்மிங்காம், 1813க்கும் 1904க்கும் இடையில். கிரீடத்தின் கீழ் 'என்.பி.' (NP, புகையில்லா மருந்துச் சோதனை) என்றால் 1904க்குப் பின். தகடு 1890 என்று சொல்ல, குழலில் 'என்.பி.' மட்டும் நின்றால் தகட்டைச் சந்தேகியுங்கள். பழைய முத்திரையும் கூடவே இருந்தால், புகையில்லா மருந்துக்காகக் குழலைப் பிற்பாடு மறுசோதனை செய்திருப்பார்கள். பரிசளித்த நாளுக்குத் துப்பாக்கி முந்தியதாக இருக்கலாம். பிந்தியதாக இருக்கவே முடியாது.

இப்போது தகடு. புளி, எலுமிச்சை, பாலிஷ் எதுவும் வேண்டாம். தேய்க்கத் தேய்க்க எழுத்தின் விளிம்பு போய்விடும், போனது திரும்பாது. இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடித்துப் படமெடுத்தாலே மங்கிய வரி எழுந்து வரும்.

நம் பக்கத்துப் பொறிப்பில் கொல்லம் ஆண்டு (மலையாள நாட்டு ஆண்டுக் கணக்கு) வந்தால் அது நல்ல சோதனைக் கல். இங்கே ஆவணியில் ஆண்டு பிறப்பதால், ஆவணி முதல் மார்கழிப் பாதிவரை 824, பிறகு ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். '௲௭௰௬ சார்வரி தை' என்றால் 1076உடன் 825 கூட்டி 1901; சார்வரியும் 1900 சித்திரை முதல் 1901 பங்குனி வரை, ஆகவே பொருந்துகிறது. அதே எண்ணோடு 'சார்வரி ஆடி' என்றிருந்தால் தவறு: 1076இன் ஆடி, பிலவ வருஷத்தில் விழும். கொடுத்தவர், வாங்கியவர் பட்டங்களையும் இப்படியே உரசிப் பாருங்கள். 'சி.ஐ.இ.' (CIE, பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் வழங்கிய ஒரு கௌரவம்) பட்டம் 1878இல் தொடங்கியது. 1870 தேதியிட்ட தகட்டில் அது இருக்க வழியில்லை.

தொடர் எண் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் போன்ற பழைய கம்பெனிகள் விற்பனைப் பேரேடுகளை இன்றும் வைத்திருக்கின்றன. எழுதிக் கேட்கும்போது எண்ணையும் முத்திரைப் படங்களையும் மட்டும் அனுப்புங்கள்; தகட்டுப் பெயரைச் சொல்லாதீர்கள். அவர்கள் ஏட்டில் உள்ள பெயர் தனியாக வந்து சேரட்டும். கலெக்டர், ஜமீன்தார் பெயர்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் திருநெல்வேலி மாவட்டப் பதிவுகளும், 1917இல் வந்த மாவட்ட கெஜட்டியரும் உதவும். அங்கே தேடும்போது ஆங்கிலத்தில் 'டின்னவெல்லி' (Tinnevelly) என்ற பழைய எழுத்துக்கூட்டையே பயன்படுத்துங்கள்.